வாசகர் கேள்வி – பதில்: ஆற்றுப்பாலை எங்கே நிற்கும், எங்கே பட்டுப்போகும்?

ஓடைக்கரை மரங்களைப் பற்றி முன்பு எழுதியபோது, தமிழகத்தில் இயற்கையாக வளரும் ஒரே வில்லோ (சாலிக்ஸ் என்ற பேரினத்து மரம்) ஆற்றுப்பாலைதான் என்று ஒரு வரி சேர்த்திருந்தோம். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விகளில் சிலவும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

கூடலூரிலிருந்து: எங்கள் தோட்டத்தின் கீழ்ப்புறம் ஓடையோரமாக ஒரு மரம் இருக்கிறது. சிலர் ஆற்றுப்பாலை என்கிறார்கள், சிலர் காட்டலரி என்கிறார்கள். இலையைக் கிள்ளினால் பால் வரவில்லை. அப்படியானால் பாலை இல்லைதானே?

பால் வராததை வைத்து அதைத் தள்ளிவிடாதீர்கள். ஏழிலைப்பாலை, வெப்பாலை போன்றவற்றைக் கிள்ளினால் பால் வரும். ஆற்றுப்பாலைக்கு அவற்றோடு எந்த உறவும் கிடையாது, அதில் பாலும் வராது. பெயர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டது.

முதலில் மரத்தின் வடிவத்தைப் பாருங்கள். காட்டலரி புதர்தான். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே போகும், அடியிலிருந்தே பல தண்டுகள் கிளம்பும், ஆற்றின் நடுவே பாறை இடுக்கில்கூட வேரைக் கவ்வி நிற்கும். ஆற்றுப்பாலையோ தெளிவான அடிமரம் உள்ள நடுத்தர மரம். முதிர்ந்த பட்டை சொரசொரப்பாக, நெடுக ஆழமான வெடிப்புகளோடு இருக்கும். கரை மண்ணில்தான் நிற்கும், பாறையில் அபூர்வம்.

அடுத்து இலை. ஆற்றுப்பாலை இலை 8 முதல் 15 செ.மீ. நீளத்தில் ஈட்டி முனைபோல் இருக்கும். விளிம்பு நெடுகிலும் ஒரே சீரான நுண்ணிய பற்கள் உண்டு, விரலால் தடவினாலே தெரியும். அடிப்பக்கம் வெளிறியிருக்கும், தளிரில் பட்டு போன்ற மயிர் படர்ந்திருக்கும். காட்டலரியின் இலை இதைவிடக் குறுகலானது. அதன் விளிம்பில் பெரும்பாலும் பல் இருக்காது, இருந்தாலும் நுனிப்பக்கம் மட்டும் லேசாக இருக்கும். இலையைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தால் அடிப்பக்கத்தில் சிறுசிறு செதில் புள்ளிகள் தெரியும்.

அப்படியும் ஐயம் தீரவில்லை என்றால் மொட்டைப் பாருங்கள். கைக்கண்ணாடி வேண்டும். பெரும்பாலான மரங்களில் மொட்டை மூடும் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் பல அடுக்காக இருக்கும். வில்லோவில் ஒரே ஒரு செதில், தொப்பி மாதிரி மொட்டை மூடியிருக்கும். இலை உதிர்ந்த காலத்தில் நம்பத்தக்க அடையாளம் இதுதான். காய்த்திருந்தால் வேலை இன்னும் சுலபம். ஆற்றுப்பாலையின் காய் இரண்டாகப் பிளந்து பஞ்சு பறக்கும், காட்டலரியின் காய் மூன்று புடைப்புகளோடு இருக்கும், பஞ்சு கிடையாது.

நர்சரிகளில் 'வில்லோ' என்று சொல்லி விற்கும் தொங்கு கிளைச் செடி பல நேரம் பாட்டில்பிரஷ்தான். சிவப்பாகப் பூத்தால் அது வில்லோ இல்லை.

ஊட்டியிலிருந்து: மலைநகரங்களில் ஏரிக்கரையில் கிளைகள் தரையைத் தொடும்படி தொங்கும் வில்லோ இந்த மண்ணின் மரமா?

இல்லை. அது சாலிக்ஸ் பாபிலோனிக்கா. சீனாவிலிருந்து உலகெங்கும் போன அழகு மரம், பாபிலோனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நம் மலைகளில் அதை வைத்தது மனிதர்கள்தான்.

உலகில் வில்லோ இனங்கள் ஏறத்தாழ 400 இருக்கின்றன. பெரும்பாலானவை வடகோளத்தின் குளிர்ப்பகுதிகளைச் சேர்ந்தவை. வெப்பநாடுகளுக்குள் இறங்கி வந்த சிலவற்றில் ஒன்று நம் ஆற்றுப்பாலை, அதாவது சாலிக்ஸ் டெட்ராஸ்பெர்மா. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ராக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர் வைத்த பெயர் இது. இமயமலை அடிவாரம், வங்காளம், மேற்குத் தொடர்ச்சி மலை என்று தொடங்கி மியான்மர், தாய்லாந்து வழியே இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் வரை ஆற்றோரங்களில் பரவியிருக்கிறது. இவ்வளவு பரந்து வாழும் மரத்தை நம்மில் பலர் பார்த்ததில்லை என்பதற்குக் காரணம், ஆற்றோரத்தை விட்டு அது பத்தடிகூட விலகி வராததுதான்.

வால்பாறையிலிருந்து: ஓடைக்கரை ஆண்டுதோறும் மழையில் அரித்துப்போகிறது. ஆற்றுப்பாலையின் போத்தை (வெட்டிய கிளைத்துண்டை) நட்டுக் கரையைக் கட்ட முடியுமா? முறையைச் சொல்லுங்கள்.

முடியும். நேபாளத்தில் சாலையோரச் சரிவுகளைக் காக்க நடும் மரங்களில் இதுவும் ஒன்று. ஆனால் போத்தை ஊன்றுவதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும். அரிப்பு எங்கே நடக்கிறது? கரையின் மேற்பரப்பு மண் கரைகிறதென்றால் ஆற்றுப்பாலை அதைப் பிடித்து நிறுத்தும். வளைவின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் கரையின் காலைக் குடைந்துகொண்டிருந்தால் எந்த மரமும் தாங்காது. அங்கே முதலில் பெரிய கற்களை அடுக்கி அடிக்கட்டு போட்டு, அதற்கு மேல்தான் போத்து. பல இடங்களில் தோற்பது இந்த வரிசை மாறுவதால்தான்.

காலம்: மரம் இலை கொட்டி, புதுத் தளிர் விடுவதற்கு முன் உள்ள இடைவெளியில் வெட்டுங்கள். மழை ஓய்ந்தபின் இது நடக்கும். வாரம் இடத்துக்கு இடம் மாறும், ஆகவே காலண்டரை விட்டு மரத்தைப் பாருங்கள். தளிர் விட்டபின் வெட்டிய போத்தில் சேமித்த மாவுச்சத்து இலைக்குப் போய்விடும், வேருக்கு மிஞ்சாது. உங்கள் பக்கம் இன்னொரு கணக்கும் உண்டு. ஜூனில் தென்மேற்குப் பருவமழை வெள்ளமாக வரும். அதற்குள் வேர் பிடித்திருக்க வேண்டுமானால், கீழ் வரிசைகளைக் குளிர்காலத்திலேயே நட்டுவிட வேண்டும். ஜூன் தொடக்கத்தில் நட்டது முதல் வெள்ளத்தோடு போய்விடும்.

தாய்மரம்: ஆற்றுப்பாலையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. ஒரே மரத்திலிருந்து 200 போத்து வெட்டினால் 200-உம் ஒரே பாலாகத்தான் வளரும், ஒரே நோய்க்கு எல்லாமே மடியும். விதை விழுந்து தானாகப் பரவ வாய்ப்பே இல்லை. குறைந்தது பத்துப் பன்னிரண்டு மரங்களிலிருந்து, இரு பாலும் கலந்து வெட்டுங்கள். பூக்கும்போதே மரங்களுக்கு வெவ்வேறு நிறத்தில் நாடா கட்டி வைத்துவிட்டால் பிறகு குழப்பம் வராது. ஆண் பூங்கதிரில் மஞ்சள் மகரந்தம் விரலில் ஒட்டும், மணமும் இருக்கும். பெண் கதிர் பச்சையாக, சிறு காய்கள் கோத்ததுபோல் இருக்கும். அதே ஓடை அல்லது அதே ஆற்றுப்படுகையின் மரங்களே நல்லது. காப்புக்காட்டிலிருந்து வெட்டுவதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அது குற்றம்.

அளவு: 60 முதல் 90 செ.மீ. நீளம், பெருவிரல் பருமன் அல்லது சற்று அதிகம். பச்சையான நுனிக்கொம்பு வேண்டாம், பட்டை பழுப்பேறிய கிளையே வேர் விடும். அடிப்பக்கம் சாய்வாக, மேல்பக்கம் நேராக வெட்டுங்கள். அவசரத்தில் தலைகீழாக நடாமல் இருக்க இதுவே அடையாளம். தலைகீழாக நட்டதும் சில நேரம் துளிர்க்கும், நிலைக்காது. வெட்டியதும் அடிப்பக்கத்தை ஓடைத் தண்ணீரில் ஒன்றிரண்டு நாள் நிழலில் ஊறவையுங்கள். வெயிலில் அரை நாள் கிடந்த போத்தை நடுவது வீண்.

நடுதல்: கடப்பாரையால் முதலில் குழி போட்டு, அதில் போத்தை இறக்குங்கள். சுத்தியலால் நேரடியாக அடித்தால் பட்டை உரிந்து, தலை பிளந்து, அங்கிருந்து காயத் தொடங்கும். நீளத்தில் முக்கால் பங்கு மண்ணுக்குள் இருக்க வேண்டும். வெளியே இரண்டு மூன்று மொட்டு தெரிந்தால் போதும். முருங்கைப் போத்தை நடும் பழக்கத்தில் பாதிக்கு மேல் வெளியே விட்டுவிடுவார்கள். வெளியே நீண்ட பகுதி காற்றில் ஈரத்தை இழக்கும், உள்ளே இருக்கும் கொஞ்ச வேரால் ஈடுகட்ட முடியாது. பக்கத்து மண்ணைக் கம்பால் குத்தி இறுக்கி, தண்ணீர் ஊற்றிக் காற்றுப்பையை நீக்குங்கள். கோடையில் ஓடைத் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்குமோ அதற்குச் சற்று மேலே முதல் வரிசை. அதற்கு மேல் முக்கோண அமைப்பில் 60–90 செ.மீ. இடைவெளியில் அடுத்தடுத்த வரிசைகள்.

சரிவு அதிகமென்றால் தனித்தனிப் போத்து போதாது. மெல்லிய கிளைகளை 15–20 செ.மீ. பருமனுள்ள கட்டாகக் கட்டி, முழ இடைவெளியில் தேங்காய்நார்க் கயிற்றால் இறுக்குங்கள். கிளைகளின் அடியும் நுனியும் மாறிமாறி வரட்டும். சம உயரக் கோட்டில் ஆழம் குறைந்த வாய்க்கால் வெட்டி, கட்டைக் கிடையாகப் படுக்கவைத்து, மேல்புறம் கொஞ்சம் தெரியும்படி மண் போட்டு மூடி, மீட்டருக்கு ஒரு முளை அடியுங்கள். வழிந்துவரும் மண் கட்டின் மேல்பக்கம் தேங்கும், அந்த மண்ணுக்குள் புது வேர் இறங்கும்.

பிறகு: இலை வந்ததும் பிழைத்துவிட்டது என்று நம்பிவிடாதீர்கள். முதல் இலைகள் போத்தில் இருந்த சேமிப்பில் வருபவை. இரண்டு மாதம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள், அசையாமல் பிடித்தால்தான் வேர் இருக்கிறது. ஆடு மாடு, மலைப்பக்கமானால் கடமான், இளந்தளிரை விடாது. முள்வேலி இல்லாமல் நடுவது தீவனம் போடுவதற்குச் சமம். உண்ணிச்செடி மேலே கவிந்தாலும் செத்துப்போகும், இதற்கு நிழல் ஆகவே ஆகாது. ஓராண்டு கழித்து ஒரு சாண் விட்டு வெட்டிவிட்டால் அடியிலிருந்து பல கிளைகள் வெடிக்கும். வெள்ளத்தில் முறியாமல் வளைந்து படுத்துக் கரையை மூடுபவை அந்த மெல்லிய கிளைகளே. தடித்த ஒற்றை மரமாக விட்டால் வெள்ளம் அதைச் சுற்றிச் சுழன்று கரையைக் குடையும்.

கோவையிலிருந்து: ஆற்றுப்பாலைக் கன்று வாங்கித் தோட்டத்தில் நட்டு தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். மே மாதத்தில் காய்ந்துவிட்டது. என்ன தவறு?

தண்ணீர் ஊற்றியதில் தவறில்லை, இடம்தான் தவறு. ஒரு குடம் தண்ணீர் மேல்மண்ணில் ஓரடி ஆழத்தை நனைக்கும். இலை வழியே இந்த மரம் விடும் ஈரத்துக்கு அது ஒரு மூலைக்கும் காணாது. ஓடையோரத்தில் இதன் வேர் நிலத்தடி நீரைத் தொட்டுக்கொண்டே இருக்கும், தண்ணீருக்குள் முங்கினாலும் அழுகாது. அடிமரம் பல நாள் வெள்ளத்தில் நின்றால் தண்ணீர் மட்டத்திலேயே செந்நிற நூல்வேர்கள் கொத்தாகக் கிளம்பும். அப்படிப் பழகிய மரத்துக்கு வறட்சியைத் தாங்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது.

நடும் முன் செய்ய வேண்டிய சோதனை இது. ஏப்ரல் கடைசியில், நடப்போகும் இடத்தில் ஒரு குழி தோண்டுங்கள். ஒரு மீட்டருக்குள் தண்ணீர் ஊறினால் சாதாரணப் போத்தே பிழைக்கும். ஒன்றரை, இரண்டு மீட்டர் ஆழத்தில் ஊறினால், அந்த ஈரத்தை எட்டும்படி நீளமான, மணிக்கட்டுப் பருமனுள்ள போத்தை ஆழமாக இறக்கினால் வாய்ப்புண்டு. அதற்கும் கீழே என்றால் விட்டுவிடுங்கள். ஆழ்துளைக் கிணற்றை நம்பிய தோட்டத்துக்கும், மழைக்கு மட்டும் ஓடும் பள்ளத்துக்கும் நீர்மருது, புங்கன், நாவல், நொச்சி இருக்கும்போது ஆற்றுப்பாலையை இழுத்து வந்து வாட்டுவானேன்?

உப்புத்தண்ணீரும் இதற்கு ஒத்துவராது. கழிமுகத்தில் நடாதீர்கள்.

கொடைக்கானலிலிருந்து ஓர் ஆசிரியை: மாணவர்கள் ஆற்றுப்பாலைப் பஞ்சைச் சேகரித்து, காயவைத்து, ஒரு மாதம் கழித்து நாற்றுப்பையில் விதைத்தார்கள். ஒன்றுகூட முளைக்கவில்லை.

ஒரு மாதம் காத்திருந்ததுதான் காரணம். வில்லோ விதைக்குள் சேமிப்பு உணவு ஏறக்குறைய இல்லை. சாதாரண வெப்பத்தில் சில நாட்களில் தொடங்கி ஓரிரு வாரங்களுக்குள் முளைப்புத்திறன் போய்விடும். இரண்டாவது தவறு மண்ணுக்குள் புதைத்தது. கடுகைவிடச் சிறிய விதை, அதற்கு வெளிச்சம் வேண்டும்.

அடுத்த முறை, காய்கள் பச்சை மாறி மஞ்சளாகி ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கும்போது கதிரோடு பறித்துக் காகித உறையில் போடுங்கள். ஓரிரு நாளில் உறைக்குள்ளேயே வெடிக்கும். அகலத் தட்டில் ஆற்று மணலும் வண்டலும் சமமாகக் கலந்து பரப்பி, தட்டை ஆழமில்லாத தண்ணீரில் வைத்து அடியிலிருந்து நனையவிடுங்கள். விதையை மேலே தூவுங்கள், மூடாதீர்கள். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை ஒரு மூலைக்கு அடித்துக்கொண்டு போகும். புது விதையானால் ஒன்றிரண்டு நாளிலேயே பச்சைப் புள்ளிகள் தெரியும். முதல் மூன்று வாரம் மேல்மண் ஒரு பகல்கூட உலரக் கூடாது.

இதே தேவைகள்தான் இயற்கையில் இந்த மரம் எங்கே முளைக்கும் என்பதையும் முடிவு செய்கின்றன. வெள்ளம் வடிந்து புதிதாக வெளிப்பட்ட, புல் மூடாத, வெயில் படும் ஈர வண்டல். அதுவும் பஞ்சு பறக்கும் அந்தச் சில நாட்களில் கிடைக்க வேண்டும். அணை கட்டி வெள்ளத்தை நிறுத்திய ஆற்றில் அப்படிப்பட்ட வண்டல் திட்டு உருவாவது குறைந்துவிடும். கிழமரங்கள் நிற்கும், இளங்கன்று மட்டும் கண்ணில் படாது.

மாணவர்களுக்குக் காட்ட இன்னொன்று: ஆரஞ்சு நிறச் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட காமன் லெப்பர்ட் என்ற வண்ணத்துப்பூச்சி இதன் இளந்தளிரில் முட்டையிடுவது உண்டு. தளிர் விடும் பருவத்தில் இலையின் அடிப்பக்கத்தைத் தேடச் சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து: உத்தராகண்டில் மலையேறியபோது தரையோடு படர்ந்த, விரல் உயரம்கூட இல்லாத செடியைக் காட்டி வழிகாட்டி 'இதுவும் வில்லோ' என்றார். நம்பலாமா?

நம்பலாம். மர எல்லைக்கு மேலே, 3,000 மீட்டரைத் தாண்டிய பனி உருகும் சரிவுகளில் சாலிக்ஸ் லிண்ட்லியானா போன்ற குள்ள வில்லோக்கள் பாய் விரித்ததுபோல் கிடக்கும். கட்டை மண்ணோடு தவழும், இலை ஒன்றரை செ.மீ.கூட இருக்காது, ஆனால் பூங்கதிர் அப்படியே வில்லோவினுடையது. அங்கே பனிக்காற்று தரைக்குச் சற்று மேலே எதையும் உயரவிடாது. தரையோடு கிடந்தால் குளிர்காலம் முழுக்கப் பனி போர்த்திக் காக்கும். கீழே இறங்கினால் இடுப்புயரம், ஆளுயரம் என்று சாலிக்ஸ் டென்டிகுலேட்டா போன்ற புதர்கள் வரும். இன்னும் கீழே அடிவார ஆற்றோரம் வந்தால் நம் ஆற்றுப்பாலை. பனி உருகும் நீரானாலும் ஆற்று நீரானாலும், ஈரமும் வெயிலும் மட்டும் எல்லா இடத்திலும் பொது. அந்தக் குள்ளச் செடியின் மேல் கூடாரம் அடிக்காதீர்கள், அவ்வளவு குளிரில் அதன் வளர்ச்சி மிக மெதுவானது.

திருச்சியிலிருந்து: கிரிக்கெட் மட்டை செய்யும் காஷ்மீர் வில்லோ இந்திய இனம்தானே?

அதுவும் வந்தேறிதான். மட்டைக்குப் பயன்படுவது சாலிக்ஸ் ஆல்பா என்ற வெள்ளை வில்லோ. ஐரோப்பா, மேற்காசியப் பக்கத்து மரம், பிரிட்டிஷ் காலத்தில் காஷ்மீரில் நட்டுப் பெருக்கினார்கள். காஷ்மீரின் சொந்த வில்லோக்கள் பெரும்பாலும் புதர்கள், மட்டைக்குத் தேவையான பருமன் அவற்றில் கிடைக்காது.

காஷ்மீரின் வூலர் ஏரியில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். விறகுக்காகவும் மரத்துக்காகவும் ஏரியின் ஆழமற்ற பகுதிகளில் வில்லோவை லட்சக்கணக்கில் நட்டார்கள். வேர்களும் அடிமரங்களும் ஜீலம் ஆறு கொண்டுவரும் வண்டலைப் பிடித்துக்கொண்டன, ஏரி மேடேறித் திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 1990-இல் சேர்ந்த அந்த ஏரியை மீட்க, 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை அகற்றத் திட்டமிட வேண்டியதாயிற்று. ஓடைக்கரையில் நாம் விரும்பும் அதே வண்டல் பிடிக்கும் குணம்தான் ஏரிக்குள் கேடாக முடிந்தது.

கோத்தகிரியிலிருந்து: அப்படியானால் புல்வெளிகளுக்கு நடுவே உள்ள சதுப்பில் ஆற்றுப்பாலை நடலாமா? தன்னார்வலர்கள் சிலர் கேட்கிறார்கள்.

வேண்டாம். மேல்நீலகிரியில் சோலைகளுக்கும் புல்வெளிகளுக்கும் இடையே உள்ள அந்தச் சதுப்புகள் கோரையும் புல்லும் பாசியும் சேர்ந்த, இயல்பாகவே மரமில்லாத இடங்கள். மரம் நட்டால் நிழல் விழும், நீர் உறிஞ்சப்படும், அங்கு மட்டுமே வாழும் சிறு செடிகள் போகும். உள்ளூர் மரம் என்பதால் உள்ளூரின் எல்லா ஈரத்திலும் நடலாம் என்று பொருளில்லை. ஏற்கெனவே ஆற்றுப்பாலை நிற்கும் ஓடையின் மேலும் கீழும், மரம் அழிந்துபோன கரைத்துண்டுகளில் நடச் சொல்லுங்கள். அயல் வில்லோவை எங்கேயும் நட வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கரை காக்க என்று கொண்டுபோன வில்லோக்களில் பெரும்பாலானவை இன்று அந்நாட்டின் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த களைப் பட்டியலில் இருக்கின்றன. ஒடிந்த சிறு கிளை வெள்ளத்தில் போய் ஒதுங்கிய இடத்திலெல்லாம் வேர்விட்டதே அவை பரவிய முக்கிய வழி.

தேனியிலிருந்து: பட்டைக் கஷாயம் காய்ச்சலுக்கு நல்லது என்கிறார்களே?

வில்லோ பட்டையில் சாலிசின் உண்டு, ஆஸ்பிரினுக்கு வழிகாட்டிய பொருள்களில் ஒன்று அது. அதனாலேயே எச்சரிக்கை வேண்டும். டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரின் வகைப் பொருள்கள் இரத்தக்கசிவைக் கூட்டும். குழந்தைகளின் வைரஸ் காய்ச்சலுக்கும் அவை ஆகாது. கஷாயத்தில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளக்கவும் வழியில்லை. என்ன காய்ச்சல் என்று தெரியாமல் கொடுக்காதீர்கள்.

பொள்ளாச்சியிலிருந்து: கல் கட்டிய கிணறு வாய்க்காலோரம் இருக்கிறது. பக்கத்தில் ஆற்றுப்பாலை நட்டால் கிணற்றுக்கு ஆபத்தா?

ஆபத்துதான். காரையில்லாமல் அடுக்கிய கற்களுக்கிடையே வேர் நுழைந்து தடித்துக் கல்லைத் தள்ளும். கசியும் குழாய் இணைப்பிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் அப்படியே நுழையும். 50 அடியாவது தள்ளி, வாய்க்காலின் கீழ்ப்போக்கில் நடுங்கள்.